திருநீறு போட்டுத் தேய்ச்ச பன்னிரண்டு ராஜா

மலாக்காவுலயே சம்சாரம் முகத்தைவிட செத்துப்போன வெள்ளைக்கார ராஜா முகத்தை அதிகமா பார்த்த மனுசன் எங்க லென்ஸ் அண்ணன்தான். பாச்சாங்கில கடிகாரம் ரிப்பேர் செய்யறவரு. பழைய வெள்ளிக் காசு கிடைச்சா போதும், கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு சோத்தை மறந்துருவாரு. ஒரே வருசம், ஒரே ராஜா, ஆனா காசு அடிச்ச அச்சு வேற வேறன்னு அடிச்சுச் சொல்வாரு. ஒருதடவை ரொட்டி சானாயை லென்ஸ்ல பார்த்துட்டு, "ரொட்டி சுடற கல்லை மாத்திட்டியா?"ன்னாரு. கடைக்காரன் ஆமான்னுட்டான்.

எங்க வீட்டு சாமி மேடையில வெள்ளைக்கார ராஜா முகம் போட்ட பழைய வெள்ளி டாலர் காசு ஒண்ணு இருக்கு. பெம்பான் பக்கம் எஸ்டேட்டுல இருந்த மாமனாரு என் சம்சாரம் பார்வதிக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தவறாம குங்குமம் வைப்பா. அவகிட்ட சொல்லாம அதை அண்ணன்கிட்ட கொண்டு போனேன்.

லென்ஸ்ல பார்த்தவரு அப்படியே உறைஞ்சுட்டாரு. அதே வருசத்துக் காசு பதினொண்ணு எடுத்து, தட்டுல எங்க காசு பக்கத்துல வச்சாரு. "இரு தம்பி, டீ வாங்கிட்டு வந்து சொல்றேன்."

சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்கும். அவரு காசெல்லாம் கருத்துப்போய்க் கிடந்துச்சு. பாவம், தேய்க்க ஆளில்ல போலன்னு நெனச்சேன். பையில கோயில் திருநீறு இருந்துச்சு. பன்னிரண்டையும் தேய்ச்சு முடிச்சப்புறம்தான் உறைச்சுச்சு. குங்குமமும் போச்சு. எது பார்வதியோடது?

அண்ணன் வந்து தட்டைப் பார்த்தாரு. டீயைக் கீழ வச்சுட்டு உட்கார்ந்துட்டாரு.

"என்னா செஞ்ச?"

"சுத்தம் பண்ணேண்ணே. இப்ப எங்க காசு எதுன்னு தெரியல. அது அவ அப்பா ஞாபகம்ணே. தொலைஞ்சா அழுதே தீர்த்துருவா."

லென்ஸைக் கண்ணுல மாட்டினாரு. "மொதல்ல தங்கச்சி காசைத் தேடுவோம் லா."

ஏழாவது காசுல நின்னாரு. லென்ஸை என்கிட்ட நீட்டினாரு.

"ராஜா காதுக்குப் பின்னால முடி மாதிரி கோடு தெரியுதா? அச்சு விரிசல் விட்டா காசுல இப்படி எழும்பி நிக்கும். ரொம்ப அபூர்வம். என்னோடது ஒண்ணுலயும் கிடையாது. இதைச் சொல்லத்தான் டீயே வாங்கப் போனேன்."

அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

வெள்ளிக்கிழமை பார்வதி கேட்டா: "என்னங்க, சாமி காசு இவ்ளோ பளிச்சுன்னு இருக்கு?"

"பக்தி"ன்னேன்.

தேய்ச்ச பழங்காசை சேகரிக்கிறவங்க சீந்தவே மாட்டாங்கன்னு மாசக்கணக்கு கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அண்ணன் அதைப்பத்தி இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல. இப்பல்லாம் டீ வாங்கப் போனா காசுத் தட்டைக் கையோட எடுத்துட்டுப் போயிடறாரு. வர்றப்ப, எனக்கு சக்கரைன்னு ஞாபகம் வச்சு, சீனி போடாத டீயா வாங்கிட்டு வர்றாரு.