பொட்டு வைத்த கீபோர்ட்

வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன் என்று நான் சொன்னால், அது இன்னொரு பொய். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளே கூடி நின்று கையும் களவுமாகப் பிடித்த பொய் ஒன்றே ஒன்றுதான். பொய்யைச் சொன்னது நான். அதைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி பரப்பியது ஒரு கீபோர்ட்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்பது கொஞ்சம் கூடுதல். வேலை என்னைத் தேடி வந்தால் கதவைத் திறந்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.) மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று முன் காம்பராவில் மேசைமேல் இருந்தது. அதில்தான் என் பகல்கள் எல்லாம் கழிந்தன. நான்கு பேர் ஓர் அணியாக ஒரு தீவில் இறங்கி, மற்ற அணிகளைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். எங்கள் அணிக்குத் தலைவன் ராகலைப் பிரபு. மற்ற இருவரும் நானுஓயாக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருவனுக்காக ஒருவன் தினமும் உயிரை விடுவோம்.

குறை ஒன்றுதான். என் கீபோர்டில் 'டி' எழுத்து செத்துப்போயிருந்தது. அந்த ஆட்டத்தில் வலப்பக்கம் நகர 'டி'யைத்தான் அழுத்த வேண்டும். ஆகவே நான் எந்த ஆபத்து வந்தாலும் இடப்பக்கம் மட்டுமே ஒதுங்குவேன். எதிரிகள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் பிடிக்கவில்லை. கடைசியில் பிரபு பொறுமை இழந்தான்.

"டேய் தினேசு, அடுத்த மாசம் போட்டிக்கு ஆள் எடுக்குற ஆட்டம் இருக்கு. அதுலயும் நீ இப்பிடி நண்டு மாதிரி ஒரு பக்கமாவே போனீன்னா, ஒன்னத் தூக்கிட்டு வேற ஆளப் போட்ருவேன். மெக்கானிக்கல் கீபோர்ட் ஒண்ணு வாங்குற வழியப் பாரு."

சிரிக்காதீர்கள், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த அணியில் இருந்த இடம்தான் அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம்.

மெக்கானிக்கல் கீபோர்ட் என்றால், ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் சட்டென்று இறங்கும், விட்டால் சட்டென்று ஏறும். இரண்டு வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்து நான் இதில் பண்டிதன் ஆகிவிட்டேன். சிவப்பு சுவிட்ச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், விளையாட்டுக்கு அதுதான் தோது. நீலம் ஒவ்வோர் அழுத்தலுக்கும் 'டொக்கு' என்று சத்தம் போடும். பழுப்பு இரண்டுக்கும் நடுவில். மலிவு விலையில் சிவப்பு ஒன்று, கீழே கலர் கலராக லைட் எரிவது, ஹட்டனில் ஒரு கடையில் இருப்பதாகவும் விசாரித்து வைத்துவிட்டேன். எல்லாம் தயார். பணம் மட்டும் இல்லை.

அங்கேதான் அந்தப் பொய். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது, முதலில் பழக வேண்டும், சம்பளம் பிறகுதான் வரும், ஆனால் நல்ல கீபோர்ட் இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த அம்மா, ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து போய்ச் சீட்டுக் காசை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அப்பாதான் வாயைத் திறந்தார்.

"என்னா கீபோர்டுன்ன?"

"மெக்கானிக்கல்ப்பா."

"மெக்கானிக்கலா? அப்ப நானும் வாரேன்."

அப்பா எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பிட்டர். முப்பது வருடமாக அந்த மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறவர். மெக்கானிக்கல் என்ற பெயரில் உலகத்தில் எது இருந்தாலும், தான் பார்த்துச் சரி சொன்னால்தான் அது ஓடும் என்பது அவர் நம்பிக்கை.

ஹட்டன் கடையில் கடைக்கார நானா எடுத்துப் போட்ட கீபோர்டுகளை அப்பா ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார். (முகர்ந்தும் பார்த்தார். அதை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.)

"இத எத்தன வருசம் ஓட்டலாம், நானா?"

"கோடிக்கணக்குல அமத்தலாம்னு பெட்டியிலயே போட்டிருக்காங்க அண்ணே."

"எண்ணிப் பாத்தவன் யாரு?"

நான் சிவப்பை எடுத்து அப்பா முன்னால் நகர்த்தினேன். அவர் ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"சத்தமே வரலியே."

"அதாம்ப்பா இதுல விசேசமே."

"போடா மடையா. சத்தம் போடாத மெஷினு ஓடுதா நிக்குதான்னு எப்பிடிடா தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே நீலத்தைத் தட்டினார். டொக்கு. இன்னொரு தடவை. டொக்கு. நல்ல பால் மாட்டைக் கண்டவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "இது மெஷினு. இதக் கட்டுங்க நானா."

பொய் சொல்லி வாங்குகிறவனுக்கு நிறம் கேட்கிற உரிமை ஏது? நீலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. முதல் காம்பராவில் தும்மினால் ஐந்தாவது காம்பராவில் 'நூறாயுசு' என்பார்கள். நான் ஆடத் தொடங்கிய முதல் நாளே லயம் முழுவதும் டொக்கு டொக்கு டொக்கு. சண்டை போடப் போகிறார்கள் என்று பயந்தேன். நடந்தது அதைவிட மோசம். எல்லோரும் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாரு, தம்பி காலையில குந்துனிச்சு, இன்னும் எந்திரிக்கல. என்னா வேகமா அடிக்கிது!" என்று பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டு வந்தார். (அந்த வேகம் எதிரியைக் கண்டு ஓடிய வேகம்.) தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றித் தோட்டத்துத் தொரைக்கு ஒரு மனு அடித்துத் தரச் சொல்லி ஒருவர் வந்தார். இரண்டு விரலால் அதை அடிக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. நல்லவேளை, தூரத்தில் இருந்து கேட்டவர்களுக்கு விரல் கணக்குத் தெரியவில்லை.

ஆள் எடுக்கிற ஆட்டம் ஆயுத பூசை அன்று பிற்பகல் மூன்று மணிக்கு. அன்று காலை அம்மா என்னை அவல் கடலை வாங்க நோர்வூட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்து காம்பராவுக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மேசைதான் பூசை மேடை. அப்பாவின் ஸ்பேனர்கள், கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை. நடுவில், கம்ப்யூட்டருக்கு விபூதிப் பட்டை, திரைக்குச் செவ்வந்தி மாலை. அதன் முன்னால் என் கீபோர்ட். ஒவ்வோர் எழுத்தின்மேலும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். ஓர் எழுத்தையும் விடவில்லை. ஹெட்போனின் இரண்டு காதுக்குள்ளும்கூடப் பொட்டு.

"பொட்டு வச்சு முடிக்க முதுகு விட்டுப்போச்சு," என்றார் அம்மா. "ஒனக்குச் சோறு போடப் போற ஆயுதமில்ல, ஒண்ணையும் விடக் கூடாதுன்னு வச்சேன்."

அப்பா பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். "சும்மா பொட்டு மட்டும் வைக்கல. எல்லாத்துக்கும் எண்ணெ விட்ருக்கேன். இனிப் பாரு, வெண்ண மாதிரி எறங்கும்."

வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மணி ஏற்கெனவே பன்னிரண்டு.

"அம்மா, மூணு மணிக்கு எனக்கு வேல இருக்கு."

"பூசைக்கு வச்ச ஆயுதத்த நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும். அது தெரியாதா ஒனக்கு?"

"கம்பனிக்காரன் வெளிநாட்டுலம்மா இருக்கான்."

"எங்க இருந்தா என்னா? பெக்டரியே இன்னைக்கு நிக்கிது. ஒன் கம்பனி பெக்டரிய விடப் பெருசா?"

அது வேலைச் சாமான் என்றால் தொடக் கூடாது. விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் தொடலாம், ஆனால் சொல்ல முடியாது. நானே வெட்டிய குழி, அளவெடுத்த மாதிரி எனக்கே பொருந்தியது.

இரண்டரை மணிக்கு பெக்டரிப் பூசை. லயமே அங்கே போகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டேன். செல்வி அக்கா ஓமத்தண்ணி கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு எழுந்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, மாலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன். ஹெட்போனை மாட்டினால் காதெல்லாம் சந்தனம். சரி, சத்தம் ஸ்பீக்கரிலேயே வரட்டும் என்று விட்டேன்.

தீவில் இறங்கினோம். முன்னே போக 'டபிள்யூ'வை அழுத்தினேன். வெண்ணெய் மாதிரிதான் இறங்கியது. ஏறத்தான் இல்லை.

அப்பாவின் எண்ணெயும் அம்மாவின் சந்தனமும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டன. என் ஆள் ஓட ஆரம்பித்தான். துப்பாக்கியை எடுக்காமல், ஒளியாமல், எதிரிகளின் நடுவால், மலை இறங்கி, கடற்கரை தாண்டி ஓடிக்கொண்டே இருந்தான். ஸ்பீக்கரில் பிரபு அலறினான். "சுடுடா! கொல்லுடா அவன! டேய் நோர்வூட்டு நாயே, கடலுக்குள்ள எதுக்குடா எறங்குற?"

கதவு திறந்தது. பெக்டரிப் பூசை சுருக்கமாக முடிந்துவிட்டது போல. அப்பா கையில் தேங்காய் மூடி, அம்மா கையில் பொங்கல் சட்டி, பின்னால் செல்வி அக்கா, அவருக்குப் பின்னால் பாதி லயம்.

"யாருடா அது? யாரக் கொல்லச் சொல்றான்?" என்றார் அம்மா.

"சூ... சூப்பர்வைசர்ம்மா."

"வெளிநாட்டுக்காரன் ராகலைப் பக்கத்து ஆளு மாதிரி ஏசுறான்?" என்று செல்வி அக்கா கேட்டார்.

அம்மா திரையைப் பார்த்தார். துப்பாக்கியோடு ஒருத்தன் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறான். டைப் அடிப்பது இப்படி இருக்காது என்று அவருக்கும் தெரியும். பொங்கல் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. அவர் கண் கீபோர்டிலேயே நின்றது. "தள்ளு. சாவி சிக்கிக்கிச்சு," என்று தேங்காய் மூடியை என்னிடம் கொடுத்துவிட்டு, பூசைக்கு வைத்த ஆயுதத்தை, தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, நகத்தால் நெம்பினார். 'டபிள்யூ' டொக்கென்று மேலே வந்தது. அதே நொடியில் எவனோ என்னைச் சுட்டான். திரை கறுத்தது.

"இது வேல இல்லப்பா," என்றேன். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? "வெளையாட்டு. பொய் சொல்லித்தான் வாங்குனேன்."

அப்பா விரலில் ஒட்டிய குங்குமத்தை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்ப்பா."

கீபோர்டை ஒரு தடவை பார்த்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எண்ணெ கூடப் போட்டுட்டேனோ?"

பிறகு அம்மா அடித்த அடிகூட எனக்கு வலிக்கவில்லை. இந்தக் கேள்விதான் வலித்தது. தேங்காய் மூடியும் கையுமாக நின்று அழுதேன். செல்வி அக்கா வயிற்று வலி என்று நினைத்து மறுபடியும் ஓமத்தண்ணி கொண்டு வந்தார்.

அன்று மாலையே பிரபு என்னைத் தூக்கிவிட்டு நானுஓயாவில் ஒரு பெண்ணைப் போட்டான். அவர்கள் போட்டிக்குப் போனார்கள். நான் அந்த வெட்கத்திலேயே டைப் அடிக்கப் பழகினேன். இன்றைக்கு, சத்தியமாக, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறேன். அதே மேசை, அதே நீலக் கீபோர்ட். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. யார் நம்புகிறார்கள்?

ஆயுத பூசை வந்தால் அம்மா ஸ்பேனருக்குப் பொட்டு வைப்பார், கத்திக்கு வைப்பார், தேங்காய் துருவிக்குக்கூட வைப்பார். கீபோர்டை மட்டும் தூக்கித் தனியே வைத்துவிடுவார். சம்பளச் சீட்டைக் காட்டினாலும், "வேல செய்யிற சாமானுக்குத்தான்டா பொட்டு," என்பார். பொட்டு வைத்தால்தானே, ஆயுதத்தைத் தொடக் கூடாது என்று கம்பனியில் நானும் லீவு கேட்க முடியும்? தோட்டமே வேலையை நிறுத்திவிட்டு பெக்டரிப் பூசைக்குக் கிளம்புகிற அன்று, நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து டொக்கு டொக்கென்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் இருந்து எட்டிப் பார்ப்பார்.

"வெளையாண்டது போதும், எந்திரிச்சு வாடா. பொங்கல் ஆறிப்போயிரும்."