சர்வருக்குத் திருஷ்டி கழித்த கதை

அமெரிக்காவின் வடகோடியிலுள்ள எங்கள் டுலூத் நகரமே பேசிக்கொண்டது: வெண்டெல் ஸ்கை கை வைத்தால் எந்தச் சர்வரும் குளிர்ந்துவிடும்! பல் ஆஸ்பத்திரியில் வைத்தாராம், குளிர்ந்ததாம். டயர் கடையில் வைத்தாராம், குளிர்ந்ததாம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போகிற ஊரில் எதுதான் குளிராது?

உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பவர்களுக்குத் தூண்டிலும் துளைக்கருவியும் இணையத்தில் விற்பது எங்கள் கம்பெனி. போன வருடம் சீசன் விற்பனையன்று இணையதளம் படுத்துவிட்டது. இந்த வருடமும் தகவல்களைச் சேர்த்துவைக்கும் சர்வருக்கு மூச்சு வாங்கியது. அதன் மூளையான சிபியு, காலை ஒன்பதுக்கே தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றது. வாடிக்கையாளர் 'வாங்கு' என்று அழுத்தினால், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சர்வரைக் கவனிக்கும் மார்னி, காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் கேட்டாள். முதலாளி ரோல்ஃப் வெண்டெலை அழைத்துவிட்டார்.

வந்தார் மகான். கழுத்தில் செப்புக்கம்பி மாலை, கையில் உப்பு விளக்கு. சர்வர் பெட்டியைத் தடவிக் கண்ணை மூடினார்.

"இது அழுதுட்டிருக்கு. உங்க பார்வை பட்டுப் பட்டு நொந்துபோச்சு."

"ஐயோ பாவம்!" என்று கண்ணைத் துடைத்தாள், போன் எடுக்கிற ஜோலீன். தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றபோதுகூட அவள் இப்படி உருகியதில்லை.

"லேப்டாப் எல்லாத்தையும் மூடி இந்தக் கூடையில போடுங்க. சுவர் டிவியை அணைங்க. வெளியே பார்க்கிங்ல கைகோத்து நின்னு, இருபது நிமிஷம் 'ம்ம்ம்'னு சொல்லுங்க."

நாற்பத்திரண்டு பேரும் பனியில் நின்று ம்ம்ம் என்றோம். நானும்தான். மீசை உறைந்தது, மூளை முன்பே உறைந்திருந்தது. திரும்பி வந்து மார்னியின் கணினியில் பார்த்தால், சிபியு பன்னிரண்டு! ஜோலீன் ஒரு சட்டி ஹாட்டிஷ், அதாவது எங்கள் ஊர் இறைச்சி-உருளைக்கிழங்குப் பதார்த்தம், கொண்டுவந்து படைத்தாள். மகான் முழுச் சட்டியையும் காலி செய்தார்.

கூடையிலிருந்து லேப்டாப்களை எடுத்து வேலையைத் தொடங்கினோம். அரை மணியில் மறுபடி தொண்ணூற்றெட்டு. "தினமும் செய்யணும்" என்றார், வாயைத் துடைத்தபடி.

ரோல்ஃப் மார்னியிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. வெள்ளிக்கிழமையோட உன் வேலையை அவருக்குக் குடுக்கப்போறேன்."

மார்னியின் முகம் வெளுத்தது. ஆனாலும் கேட்டாள்: "சரிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு லேப்டாப்பெல்லாம் திறந்தே இருக்கட்டும். அவர் பூஜை பண்ணட்டும்."

"கூடை இல்லாம முடியாது!" என்று துள்ளினார் வெண்டெல்.

"சக்தி உங்க கையில இருக்கா, கூடையில இருக்கா?"

ரோல்ஃப் முதல்முறையாகத் தாடியைச் சொறிந்தார். மறுநாள் சோதனை நடந்தது. மகான் தடவினார், முனகினார், பெட்டியை மூன்று சுற்று சுற்றினார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது ஆனது.

"இங்க யாரோ நம்பிக்கை இல்லாதவங்க இருக்காங்க!"

"நான்தான். ஒரு ஆள் நம்பலைன்னா ஓடிப்போற சக்தியா அது? நீங்க எதிர்க்கடையில காபி சாப்பிட்டு வாங்க சார்." மார்னி எங்கள் பக்கம் திரும்பினாள். "யாரும் எழுந்திரிக்க வேணாம். சர்வர் நிலையைக் காட்டுற அந்தக் கண்காணிப்புப் பக்கத்தை மட்டும் மூடுங்க. டிவியிலயும்."

மூடினோம். மார்னியின் கணினியில் மட்டும் பார்த்தால், பதினொன்று! யாரும் ம்ம்ம் என்றுகூடச் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். போன வருடப் பயத்தில் ரோல்ஃப் ஓர் உத்தரவு போட்டிருந்தார்: சர்வர் நலமாக இருக்கிறதா என்று காட்டும் பக்கத்தை எல்லோரும் நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கமோ, நொடிக்கு ஒருமுறை, ஒன்பது வருட ஆர்டர்களையும் முதலிலிருந்து எண்ணச் சொல்லி சர்வரை விரட்டும். நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக! நலம் விசாரித்தே நோயாளியைக் கொன்றுகொண்டிருந்தோம்.

மார்னி ஒரு மாற்றம் செய்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும், அதே விடை எல்லோருக்கும்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று, காபி குடித்துத் திரும்பிய வெண்டெலிடம் ரோல்ஃப் உறுமினார்.

"அந்தப் பல் ஆஸ்பத்திரியிலயும் இதே கூத்துதாங்க..." என்று உளறியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு உப்பு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மார்னியின் வேலை நிலைத்தது.

மறுநாள் காலை ஜோலீன், ஹாட்டிஷ் சட்டியோடு மார்னியின் மேஜை முன் நின்றாள்.

"மார்னி, என் பிரிண்டர் வேலை செய்யல. நீ வந்து ஒரு தடவை கை வையேன்!"

"முதல்ல பிளக்கைச் சொருகிப் பாரு, ஜோலீன்."

இயந்திரத்தின் மூளை தொண்ணூற்றெட்டு சதவீதம் உழைத்தபோது, அதை நோய் என்றோம். எங்கள் நாற்பத்திரண்டு மூளைகள் சும்மா கிடந்தபோது, அதை நம்பிக்கை என்றோம். அடுத்த மகான் கூடையை நீட்டினால் லேப்டாப்பை வேண்டுமானால் போடுங்கள். தலையைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.