நாற்பத்திரண்டாம் பல்லும் நாலு மணிக் குளிரும்

செத்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. பதற வேண்டாம், மந்திரவாதிகளைச் சொல்லவில்லை. எல்லாரும் படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருப்பவர்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போன ஒருவனின் பல்லைத் தேடிப் பிடித்து, குடைந்து, பொடியாக்கி, அந்தப் பொடியில் மிச்சமிருக்கும் மரபணுத் துணுக்குகளைப் பொறுக்கி, "இவனுக்கு மலேரியா இருந்தது" என்று சொல்வதுதான் இவர்களுடைய பிழைப்பு. நோயாளிக்கு இனி மாத்திரை கொடுத்துப் பிரயோஜனமில்லை என்பது இவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் காய்ச்சல் எங்கே கிளம்பி, எந்தக் கப்பலேறி, எந்தக் கரையில் இறங்கியது என்ற சரித்திரம் அந்தப் பல்லுக்குள் இருக்கிறதே! அதை விட்டுவிட முடியுமா?

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பார்கள். நீங்கள் தாத்தா செத்துப்போனார் என்று கண் கலங்கினால், "எங்கே புதைச்சாங்க? ஈர மண்ணா?" என்பார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதால் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். மச்சினன் இவருக்கு வைத்த பெயர் கல்லறை டாக்டர். நாம் மரியாதையாக நம்மவர் என்றே சொல்லலாம். இவரைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

நம்மவருக்கு ஒரு மந்திரம் உண்டு: "உடனே முடிவுக்கு வந்துடக் கூடாது." வண்டி கிளம்பவில்லை, பெட்ரோல் இல்லை என்று மெக்கானிக் சொன்னால் இதைச் சொல்வார். பால் திரிந்துவிட்டது என்று மனைவி சொன்னால் இதைச் சொல்வார். சுவரில் உட்கார்ந்த கொசுவை அந்த அம்மாள் அடிக்கக் கை ஓங்கினால், "இரு, இரு" என்று தடுத்துக் குனிந்து பார்ப்பார். "பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்தாத்தான் மலேரியாக் கொசு. இது பாவம், படுத்த மாதிரி இருக்கு. உடனே முடிவுக்கு வந்துடக் கூடாது." அவர் பேசி முடிப்பதற்குள் அந்தப் பாவம் அவர் கழுத்தில் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும்.

இவருடைய ஆய்வகத்தில் ஓர் அறை இருக்கிறது. கர்ப்பக்கிரகம் கெட்டது போங்கள்! உள்ளே போகுமுன் குளிக்க வேண்டும். தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி, கண்ணாடி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. பழைய பல்லில் மரபணு இருப்பதே ஒரு சிட்டிகை. உயிரோடிருக்கிறவன் ஒரு தும்மல் போட்டால் அவன் சரக்கு அதை மூழ்கடித்துவிடும். அதனால் உள்ளே மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. போதாததற்கு, உள்ளே போகிற ஒவ்வொருவரின் கன்னத்திலிருந்தும் பஞ்சால் ஒற்றியெடுத்த எச்சிலின் மரபணு கணினியில் பதிவாகியிருக்கும். பல்லில் கலப்படம் என்றால், கலந்தவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். திருடனுக்கு முன்கூட்டியே ரேகை எடுத்துவைக்கிற மாதிரி. இந்த விதிகளையெல்லாம் எழுதிக் கதவில் ஒட்டியவர் யார்? நம்மவரேதான். ஏழாவது விதி சிவப்பு எழுத்தில் இருக்கும்: 'கையில் சிறு கீறல் பட்டாலும் வேலையை நிறுத்தி வெளியே வரவும். பதிவேட்டில் எழுதவும்.'

பதினோரு வருஷத்தில் நாற்பத்தொரு பல் குடைந்தாயிற்று. நாற்பத்தொன்றிலும் மண்ணில் வாழும் கிருமிதான் கிடைத்தது. அவருக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் கண்டுபிடித்து, கட்டுரை எழுதி, மாலை வாங்கிக்கொண்டார்கள். நம்மவரை மட்டும் கூட்டங்களில், "பொறுமைக்கு இவரைச் சொல்லணும்" என்று அறிமுகப்படுத்தினார்கள். அது அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சதுப்பு நிலத்தில் பழைய இடுகுழி ஒன்றைத் தோண்டினார்கள். நம்மவர் போய் இரண்டு வாரம் தங்கி, சாயங்காலமெல்லாம் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கொசுக்கள் உட்காரும் விதம் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டு, நாற்பத்திரண்டாம் பல்லோடு திரும்பினார். அருமையான கடைவாய்ப் பல்.

ஏழாம் தேதி காலையில் அதைக் குடைந்தார். பாதியில் கருவி வழுக்கியது. இரண்டு கையுறையும் கிழிந்து, இடக்கை ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். கடுகளவு ரத்தம். இப்போது என்ன செய்ய வேண்டும்? ஏழாவது விதி. ஆனால் வெளியே போனால் பல்லுக்குக் கலப்பட முத்திரை விழும். இன்னும் பதினோரு வருஷம். நம்மவர் கதவைப் பார்த்தார். அவர் ஒட்டிய காகிதம் வெளிப்பக்கம் இருந்தது, உள்ளே தெரியவில்லை. கையுறையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பொடியில் படவே இல்லை என்று தனக்குத்தானே சத்தியமும் செய்துகொண்டார்.

இதற்கிடையில், அந்த மாச ஆரம்பத்திலிருந்தே வீட்டில் ஒரு சின்ன விஷயம். ஒருநாள் விட்டு ஒருநாள், மணி நாலடித்தால் நம்மவருக்குக் குளிர ஆரம்பிக்கும். பல் கிடுகிடுவென்று அடிக்கும். மனைவி இரண்டு போர்வை போர்த்துவார். அப்புறம் அனலாகக் காயும். அப்புறம் வேர்த்து விட்டுவிடும். மறுநாள் ஆள் கல்லுக்குண்டு மாதிரி வேலைக்குப் போய்விடுவார்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாமே?"

"ஏ.சி. ஒத்துக்கலை. அவ்வளவுதான்."

"ஏ.சி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒத்துக்காதா?"

"உடனே முடிவுக்கு வந்துடக் கூடாதும்மா."

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

பதினேழாம் தேதி முடிவு வந்தது. நாற்பத்திரண்டாம் பல்லில் மலேரியாக் கிருமி! ஒன்றிரண்டு துணுக்கு இல்லை, வண்டி வண்டியாக! நம்மவர் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்ற மந்திரம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் இயக்குநருக்குச் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை மாநாட்டில் பேச இடம் வாங்கியாயிற்று. மச்சினனுக்கும் போன் போட்டாயிற்று.

மறுநாள் மத்தியானம் கணினியம்மா வந்தார். தரவுகளைக் கணினியில் அலசிப் பார்ப்பவர் அவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"சார், ஒரு சந்தேகம். பழைய மரபணுன்னா ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்கணும். இது நேத்துக் கடையில வாங்கின துணி மாதிரி இருக்கு."

"சதுப்பு நிலம்மா. நல்லா பாதுகாத்திருக்கு."

"கூட மனுஷ மரபணுவும் இருக்கு சார். அதுவும் புதுசு."

"யாராவது தும்மியிருப்பாங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கட்டுப்பாடே கிடையாது. யாருன்னு பாருங்க, நான் விடப்போறதில்லை."

"பார்த்துட்டேன் சார்."

"யாரு?"

கணினியம்மா காகிதத்தை மேசைமேல் வைத்து அவர் பக்கமாகத் திருப்பினார். நம்மவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தன் பெயரை அவ்வளவு வெறுப்போடு அவர் அதற்குமுன் படித்ததில்லை.

"அப்போ அந்தக் கிருமி..." என்றார் மெதுவாக.

"ரத்தத்தோட வந்திருக்கணும் சார்."

"யாரோட ரத்தம்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலாகியிருந்தது. நம்மவரின் கையிலிருந்த காகிதம் படபடவென்று ஆட ஆரம்பித்தது. மின்விசிறி ஓடவில்லை.

மனைவி வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனின் காலத்தை ஐம்பது வருஷத்துக்குள் கணித்துவிடுகிற நம்மவர் கூரையைப் பார்த்தார். மனைவி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த காலண்டர் தாளை எடுத்து மேசையில் விரித்தார். ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினாறு. எட்டு வட்டம்.

"இன்னிக்கோட ஒம்பது" என்றார். பேனா வாங்கி அதையும் போட்டார்.

டாக்டரம்மா காலண்டரைப் பார்த்ததும் ஊசியை எடுத்துவிட்டாள். பழைய கீறலுக்குப் பக்கத்திலேயே குத்தினாள். ரத்தப் பூச்சைக் கண்ணாடியில் இழுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "மலேரியாதான். சந்தேகமே இல்லை" என்றாள்.

"நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

போர்வையோடு போய்க் குனிந்தார். சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. பதினோரு வருஷமாகப் பல் பல்லாகத் தேடிய ஆசாமி, முழுசாக, அப்போதுதான் தன் உடம்பிலிருந்து இறங்கி வந்து எதிரே உட்கார்ந்திருந்தான். நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான், வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"அழகா இருக்கு" என்றார்.

மனைவி அவரையே பார்த்தார். "நான் பதினாறு நாளா சொல்லிக்கிட்டிருந்தேன். என் பேச்சுக்கு இல்லாத மதிப்பு ஒரு சொத்தைப் பல்லுக்கு இருக்கா? உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்? உங்க பல்லை எடுத்து வெச்சுக்கவா?" நம்மவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்தார்.

வெள்ளிக்கிழமை மாநாட்டில் அவர் பேசவில்லை. ஆய்வகத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, ஏழாம் தேதிக்கு நேரே, 'கீறல்பட்டது. மறைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்திரண்டாம் பல்லின் உடைந்த வேரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கணினியம்மா அதையும் பார்த்தார். மண் கிருமிதான். மச்சினன் மட்டும் மகிழ்ந்துபோய், "மாமா, செத்தவனுக்குப் பார்த்த வைத்தியம் முதல் தடவையா ஒருத்தரைப் பிழைக்க வெச்சிருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டு வாரம் மாத்திரை. கொடுத்தது மனைவி, எண்ணிப் பார்த்து, எதிரே நின்று.

வாசகரே, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் பல் குடைகிறவர் இல்லை, உங்களுக்கென்ன? ஆனால் உலகத்து வியாதிக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டு, சொந்த இருமலைத் தூசி என்று தள்ளிவிடுகிற வழக்கம் உங்களுக்கு உண்டா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எதற்கும் சமையலறைக் காலண்டரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். வட்டம் ஏதாவது இருக்கலாம்.

அப்புறம், இதை எழுதியவனின் இடக்கை ஆள்காட்டி விரலிலும் ஒரு தழும்பு இருக்கிறதாமே என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், தயவுசெய்து உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.