பர்மிஷன் முசியேவும் போக மறுத்த ஃபயர்வாலும்

புதுச்சேரியில் காற்றைக்கூட வாசலில் நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்று விசாரித்துவிட்டு உள்ளே விட்ட ஒரே மனிதர் எங்கள் பர்மிஷன் முசியேதான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. கேட்டால், "உன்னை யார் கேட்டுக்கினு வரச் சொன்னது?" என்பார் என்ற பயத்தில் நான் கேட்கவே இல்லை.

குழந்தைகளே, முசியே என்றால் எங்கள் ஊரில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகும் சில வார்த்தைகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. பர்மிஷன் என்பது தெரு வைத்த பெயர். அவர் முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் கேட் காவலராக இருந்தவர். அந்த மில்லை மூடி வருஷக்கணக்காகிறது. அவருடைய டியூட்டி மட்டும் முடியவில்லை. மில் கேட்டில் செய்ததை வீட்டு கேட்டில் செய்தார்.

கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரை ஒருநாள் நிறுத்தினார்.

"உள்ள இன்னா இருக்குது?"

"கேஸ் இருக்குது முசியே."

"திறந்து காட்டு."

அந்த ஆள் சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறியவர்தான். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கே வேறு ஆளை அனுப்பினார்கள்.

வீராம்பட்டினத்தில் இருந்து அவருடைய சொந்த மச்சான், தேர் திருவிழாவுக்கு அழைக்க, கூடை நிறைய மீனோடு வந்தார். கேட்டில் நடந்த விசாரணை முடிவதற்குள் மீன் நாறிப்போனது. முசியேவின் மனைவி சரசு அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணனையே வெயில்ல நிக்க வெச்சியே, நீயெல்லாம் மனுசனா?"

"உங்க அண்ணனை எனக்குத் தெரியும்டி. மீனு யாரு?"

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முசியேவின் ஒரே மகள் தேன்மொழி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, டியூட்டி முடிந்து வந்து அந்த ஊர் மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். நான் கடை வைத்து பிரிண்டருக்கு மை நிரப்புகிறவன். கம்ப்யூட்டரில் தூசி தட்டுவேன், சின்னச் சின்ன ரிப்பேர் பார்ப்பேன். அதனால் அந்த கேட்டுக்குள் எனக்கு நுழைய அனுமதி கிடைத்திருந்தது.

"தம்பி, ஒயர் வழியா திருடன் வருவானாமே?" என்றார் முசியே.

"வருவாங்க முசியே. ஃபயர்வால்னு ஒண்ணு போட்டா வர மாட்டாங்க. கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் மாதிரி அது."

வாட்ச்மேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே போடச் சொன்னார். அந்த ஃபயர்வாலோ, கம்ப்யூட்டருக்குள் எது அசைந்தாலும் "இதை அனுமதிக்கலாமா?" என்று ஒரு பெட்டியைக் காட்டும். உலகத்தில் தன்னைப் போலவே பேசுகிற ஒரு ஜீவன் கிடைத்துவிட்டதாக முசியே நினைத்தார். நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். கடிகாரத்தின் நேரத்தைச் சரி செய்யும் ப்ரோகிராம் வந்தது, அனுமதி இல்லை. பக்கத்து மேஜையில் இருந்த பிரிண்டர் வந்தது, அனுமதி இல்லை. "அது நம்ம வீட்டு பிரிண்டர்பா!" என்று தேன்மொழி கத்தினாள். "நம்ம வீட்டு ஆளுன்னா எதுக்கு கதவைத் தட்டறான்?" என்று கேட்டார்.

சங்கடம் தேர்வு வடிவத்தில் வந்தது. ஜெர்மன் தேர்வை வீட்டிலிருந்தே, கதவைச் சாத்திக்கொண்டு, முன்கூட்டியே பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். அதில் எந்த ஃபயர்வாலும் இருக்கக் கூடாது; நிறுத்தி வைத்தால் போதாது, முழுவதும் நீக்கியிருக்க வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. கால் மணி நேரம் தாமதமானால் உள்ளே விட மாட்டார்கள். தேன்மொழியின் ஜெர்மனி இந்த ஒரு தேர்வில் தொங்கியது.

வியாழக்கிழமை போனேன். ஃபயர்வாலை நீக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். அது பாஸ்வேர்ட் கேட்டது. எல்லோரும் முசியேவைப் பார்த்தோம்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"நீதானப்பா போட்ட?"

"போட்டேன். யாராவது என்னை அடிச்சுக் கேட்டா நான் சொல்லிடுவேன் இல்ல? அதனால கண்ணை மூடிக்கினு போட்டேன்."

"ரெண்டு தடவை போடச் சொல்லுமே முசியே?"

"ரெண்டு தடவையும் கண்ணை மூடிக்கினு ஒரே எடத்துல அமுக்கினேன்."

சரசு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். தேன்மொழி ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிப் பார்த்தாள். தவறு, தவறு, தவறு என்றே வந்தது. பிறகு, "சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யவும்" என்றது. "பாத்தியா, எவ்ளோ உஷாரா இருக்கறான்!" என்று முசியே பெருமைப்பட்டார். எனக்கு அழுகை வந்தது.

கம்ப்யூட்டரை அரைத்தூக்கத்தில் எழுப்புகிற வழி ஒன்று உண்டு. சேஃப் மோட் என்பார்கள். அதில் அவசியமானவை மட்டும்தான் விழித்திருக்கும். அந்த ஃபயர்வாலை விற்றவர்களே, அதை நீக்குவதற்கென்று தனியாக ஒரு கருவியும் கொடுக்கிறார்கள். அதை என் கடையில் இறக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்து வந்தேன்.

"அப்போ நம்ம வாட்ச்மேன் இன்னா பண்ணுவான்?" என்றார் முசியே, சந்தேகமாக.

"அது தூங்கிக்கினு இருக்கும் முசியே. அந்த நேரமாப் பார்த்து எடுத்துடலாம்."

முசியே எழுந்து நின்றுவிட்டார். "தூங்குமா? டியூட்டியிலயா?"

"ஆமா."

"நான் மில்லு கேட்ல ஒரு நாள் கண்ணு அசந்திருப்பனா? ஜுரத்துல நின்னிருக்கறேன்யா! இவன் தூங்கறானாமே! கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளு தம்பி அவனை!"

தள்ளினேன். ப்ரோகிராம் போய்விட்டது. ஆனாலும், கம்ப்யூட்டர் தயாரா என்று பார்க்கத் தேர்வுக்காரர்கள் கொடுத்திருந்த சோதனையில் "ஃபயர்வால் இருக்கிறது" என்று சிவப்பாக வந்தது. தேடினால், நம் ஆட்கள் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி அது தன் துண்டு ஒன்றை இன்டர்நெட் இணைப்பின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தத் துண்டையும் எடுத்தேன். மிச்சம் மீதி ஃபோல்டர்களை அழித்தேன். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். பச்சை டிக் வந்தது. தேன்மொழி, "டாங்க்கெ அண்ணா" என்றாள். ஜெர்மனில் நன்றியாம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளே என் கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, நெட்டே வரலை!"

போய்ப் பார்த்தேன். தெருவிலிருந்து வரும் ஒயர் மாட்டியிருக்கிறது. மோடத்தில் விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் இன்டர்நெட் இல்லை. எனக்குத் தெரிந்த குற்றவாளி ஒருவர்தான். ஃபயர்வால் முழுசாகப் போகவில்லை என்று முடிவு கட்டினேன். இல்லாத ஃபயர்வாலை மறுபடி நீக்கினேன். இல்லாத துண்டைத் தேடினேன். சேஃப் மோடுக்குப் போனேன், வந்தேன். மணி பத்தாகிவிட்டது. தேன்மொழி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரசு அக்கா வேண்டாத அம்மன் இல்லை. முசியே மட்டும் தைரியமாக இருந்தார். "ஒண்ணும் ஆவாது தம்பி. காவலுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார். அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"அண்ணா, என் போன்ல இருக்கற நெட்டை ஒயர்ல குடுக்கலாம்" என்றாள் தேன்மொழி. நல்ல யோசனை. கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் ஒயரைச் செருகினேன். போகவில்லை. அழுத்தினேன். மஞ்சளாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. முகர்ந்தால் சந்தன வாசனை.

கம்ப்யூட்டரைத் திருப்பினோம். பின்னாலிருந்த ஒவ்வொரு துளையிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. முசியே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி, அதன் துளைக்குள்ளேயும் கட்டைவிரலால் நன்றாக அப்பிவிட்டு, ஒயரைத் திரும்ப மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்து வேலை. சந்தனம் விடிவதற்குள் காய்ந்து சிமென்ட் ஆகிவிட்டது. கீபோர்டும் மவுஸும் கேமராவும் மாட்டியிருந்த துளைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

"அதுங்க வீட்டு ஆளுங்க" என்றார், மெதுவான குரலில். "வாட்ச்மேனை அனுப்பிட்டோம். வாசல் தொறந்து கெடக்குது. ஆயுத பூசைக்கு மிஷினுக்கெல்லாம் வெப்போமே, அது மாதிரி ஒரு காவலுக்குத்தான்…"

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. பழைய டூத் பிரஷ், ஊசி, சரசு அக்காவின் ஹேர்பின் எல்லாவற்றாலும் சுரண்டினோம். ஒரு வழியாகத் துளையில் பச்சை விளக்கு சிமிட்டியது. தேன்மொழி பாய்ந்து போய் உட்கார்ந்து தேர்வைத் திறந்தாள்.

அனுமதி நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

அவள் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முசியேவைப் பார்த்தேன். மில் கேட்டில், ஒரு நிமிஷம் பிந்தி ஓடி வருகிறவர்களின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர் அவர். அதைப் பெருமையாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இப்போது கம்ப்யூட்டரின் முன்னால் குனிந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா… என் பொண்ணுங்கய்யா. அது மேல தப்பு இல்லீங்க. நான்தான். ஒரு அஞ்சு நிமிஷம் தொறந்து விடுங்கய்யா."

திரையில் எந்த மாற்றமும் இல்லை. சரசு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தேன்மொழிதான் எழுந்து அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "போதும் விடுப்பா. அது மிஷினு. அதுக்குக் காது கேக்காது. வேற தேதி வாங்கிக்கறேன்."

வேறு தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவளோடு படித்தவள் விமானம் ஏறிவிட்டாள். அந்த இரண்டு மாதமும் முசியே கம்ப்யூட்டர் இருந்த அறைப்பக்கமே போகவில்லை. தேர்வு நாள் காலையில் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நான் எங்க இருந்தா பொண்ணுக்குத் தொந்தரவு இல்லை?"

"இங்கயே என்கூட இருங்க முசியே."

ஸ்டூலில் உட்கார்ந்தார். வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது. மதியம் தேன்மொழி வந்து, "முடிஞ்சுதுப்பா. நல்லாத்தான் எழுதியிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்கூட்டியில் பறந்தாள். அவள் தெரு முனை திரும்புகிற வரை பார்த்துவிட்டு, முசியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி… அவ்ளோ தூரம் தனியா போகுதே. அந்த ஊரு கேட்ல நிக்கறவங்க இதை உள்ள விடுவாங்க இல்ல?"

"விடுவாங்க முசியே. கண்டிப்பா விடுவாங்க."

அவருக்கு நான் சொன்னது போதவில்லை போலிருக்கிறது. கையை விடவே இல்லை. கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.