முக்கால் மூட்டை

பொறாமைப்படுவதற்கு ஊரில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஆனால் சோறு இறங்காமல், கண்ணாடி முன் நின்று பல்லை நறநறவென்று கடிக்கும் அளவுக்குப் பொறாமைப்பட வேண்டுமானால், அதற்கு இந்த உலகத்திலேயே தகுதியான ஆள் கொக்கியண்ணன் ஒருவர்தான். என்னை அப்படிக் கடிக்க வைப்பது அவருக்கே தெரியாது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் ஹாஜியார் நடத்திய அரிசி மில்லில் அவர் லோடுமேன். சாக்கைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி எந்நேரமும் இடுப்பில் இருக்கும். மற்ற லோடுமேன்கள் வேலை முடிந்ததும் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். இவர் கல்யாணப் பந்தியிலும் கொக்கியோடுதான் உட்காருவார். சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு எழுந்தபோது முன்சீட்டுக்காரரின் சட்டையும் கூடவே எழுந்து வந்தது. அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று ஹாஜியாருக்கே ஞாபகமில்லை.

எழுபத்தைந்து கிலோ மூட்டை முதுகில் இருந்தால் நூல் பிடித்த மாதிரி நேராக நடப்பார். மூட்டையை இறக்கிவிட்டால் போச்சு. ஒரு பக்கம் சாய்ந்து, தரையைத் தேடித் தேடிக் கால் வைப்பார். அதனால் வீட்டுக்குப் போகும்போதுகூட ஒரு தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், காலையில் அதே மூட்டையைத் திரும்பக் கொண்டுவருவார். ஒருமுறை தவிடு தீர்ந்துபோய், பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் யாருடைய டிரங்குப் பெட்டியையோ தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். பெட்டிக்காரர் "திருடன், திருடன்" என்று பின்னால் ஓடிவர, இவர் திரும்பி, "எந்த ஊருங்க உங்களுக்கு? சொன்னா அங்கேயே இறக்கிடுறேன்" என்றாராம்.

நான் அந்த மில்லில் லாரிச் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்த முதல் நாள், கொக்கியண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் அம்பத்தாறு கிலோ. சரியா முக்கா மூட்டை."

எனக்குச் சுருக்கென்றது. தராசில் ஏறிப் பார்த்தேன். ஐம்பத்தாறு. அன்று மாலைக்குள் மில் முழுவதும் எனக்கு முக்கால் மூட்டை என்று பெயர். காலேஜில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டு கப் வாங்கியவன் நான்! கப்பைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன். கொக்கியண்ணன் கையில் எடுத்துப் பார்த்து, "முன்னூறு கிராம்கூட வராது சார்" என்று வைத்துவிட்டார்.

இந்தக் கடுப்பு உள்ளே புகைந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்தது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பினார். ஹாஜியாரின் மச்சான் மஸ்கட்டில் அரிசி குடோன் வைத்திருந்தார். நம்பிக்கையான ஆள் ஒருவரை அனுப்புங்கள் என்று விசா ஒன்றைக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு விசா.

அது எனக்கு வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வசந்தி என்றொரு பெண். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பா மட்டும், "சீட்டு எழுதுற பையனுக்குப் பொண்ணு கெடையாது. ஃபாரின் போறதா இருந்தா வந்து பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டார்.

கொக்கியண்ணனுக்கும் அது வேண்டும். மூட்டையைத் தானே மேலே கொண்டுபோகும் பெல்ட் மிஷினை வாங்க ஹாஜியார் முன்பதிவு செய்திருந்தார். அது வந்தால் லோடுமேன்களில் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. கொக்கியண்ணனுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் நன்றாகப் படிக்கிற பெண்கள்.

முடிவெடுப்பது என்றால் ஹாஜியாருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து துறையூர்ப் பக்கத்து மலை ஒன்றில் கோடை விழா, அதில் மலையேற்ற ஓட்டம் என்று நோட்டீஸ் வந்தது. மூன்றே கிலோமீட்டர். மூன்றும் மேல் நோக்கி. ஹாஜியார் அப்போதுதான் அரிசியைச் சாக்கிலிருந்து பளபளக்கும் ஐந்து கிலோ பைக்கு மாற்றி விளம்பரத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம அரிசிப் படம் போட்ட பனியனைப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் ஓடுங்க. முன்னாடி வர்றவரு மஸ்கட். எனக்கும் பாவம் சேராது."

மனசுக்குள் விசில் அடித்தேன். ஓட்டத்தில் என்னிடமா? ஆனால் பயிற்சிக்கு மலை வேண்டுமே. எங்கள் ஜில்லாவில் தண்ணீரே போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் நடக்கும். அவ்வளவு மட்டமான பூமி. உயரமான இடம் என்று முதலில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினேன். நான் தற்கொலை செய்துகொள்ளப் போகிறேன் என்று கீழே கூட்டம் கூடிவிட்டது. அடுத்து ரயில்வே மேம்பாலம். நான் ஏறும்போதெல்லாம் டவுன் பஸ் கண்டக்டர்கள் பரிதாபப்பட்டு விசில் கொடுத்து நிறுத்தினார்கள். கடைசியில் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து சுவாமிமலைக்குப் போனேன். கட்டுமலைதான், ஆனாலும் அறுபது படி இருக்கிறது. படிக்கு ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். பிரபவவில் ஆரம்பித்து அட்சயவில் முடித்து, இறங்கி, மறுபடி பிரபவ. பத்து தடவை ஏறினால் அறுநூறு வருஷம். நான்காவது நாள் ஒரு மாமி என் கையில் தேங்காயைத் திணித்து, "நீதான் எப்படியும் போறியே, இதையும் உடைச்சுடு" என்றார். குருக்கள் வழிமறித்தார்.

"என்னப்பா வேண்டுதல், இப்படி ஓடி ஓடி ஏறறே?"

"மஸ்கட் சாமி."

கை நிறைய விபூதி கொடுத்தார்.

கொக்கியண்ணன் என்ன பயிற்சி செய்தார்? ஒன்றுமே இல்லை. வழக்கம்போல மூட்டை தூக்கினார். குடோனில் மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்குவதற்கு அட்டி போடுவது என்று பெயர். அட்டி மேல் ஒரு சாய்வுப் பலகை கிடக்கும். எழுபத்தைந்து கிலோவோடு அந்தப் பலகையில் ஏறி, உச்சிக்குப் போனதும் முதுகைத் திருப்பி மூட்டையை அட்டி மேல் இறக்கிவிட்டு, அதன் பிறகே தான் கால் வைப்பார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூச்சு வாங்குகிறதா? வாங்கவில்லை. பாட்டு வேறு பாடுவார், அதுவும் சுதி சேராமல். எனக்கு வயிறு எரியும்.

வயிறு எரிந்தவன் சும்மா இருப்பானா? நல்லவன் மாதிரி போய், "அண்ணே, மலையில காத்து கம்மி. மூச்சு முட்டும்" என்று பயமுறுத்தினேன். "அப்படியா சார்" என்று அடுத்த நாளிலிருந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினார். ஒரு வாரத்தில் துண்டோடும் பாட ஆரம்பித்துவிட்டார். பழைய சோறு சாப்பிட்டால் கால் கனக்கும் என்றேன். சரியென்று கேழ்வரகுக்கு மாறி இன்னும் இறுகிப்போனார்.

வேறு வழியில்லாமல் நோட்டீஸை முழுதாகப் படித்தேன். கடைசி வரியில் இருந்தது என் மோட்சம். ஓடுபவர்கள் எந்தச் சுமையும் கொண்டுவரக் கூடாது.

"அண்ணே, வெறுங்கையோடதான் ஓடணுமாம். பழகிக்குங்க."

அன்று சாயங்காலம் கொக்கியண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தவிட்டு மூட்டை இல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினார். மில் கேட்டைத் தாண்டிப் பத்தடி போனதும் இடது பக்கம் சாய்ந்தார். இன்னும் நாலடி. வாய்க்காலில் தொப்பென்று விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "சார், தலை சுத்துது சார்" என்றார். நான் "த்சொ த்சொ" என்றேன். சந்தோஷத்தில் அன்று ஹோட்டலில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓட்டத்தன்று ஹாஜியாரின் வேனில் போனோம். முன்பின் மலையைப் பார்த்திராத கொக்கியண்ணன் கழுத்தை வெளியே நீட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு சார் இந்த அட்டி போட்டது? ஒழுங்காவே அடுக்கலையே. அந்தப் பக்கம் சாயுது பாருங்க."

விசில் அடித்ததும் நான் பாய்ந்தேன். முதல் இருநூறு மீட்டர் சமதரை. அதில் நான்தான் முதல். அதன் பிறகு பாதை சுவர் மாதிரி எழுந்து நின்றது. அறுநூறு வருஷம் ஏறிய கால்கள் பதினைந்தாவது நிமிஷத்தில் பிரபவவுக்கே திரும்பிவிட்டன. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஏறினேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள், ஒரு வழுக்கைத் தலைத் தபால்காரர் உட்பட. ஒரே ஆறுதல், கொக்கியண்ணன் எனக்கும் கீழே இருந்தார். வெறும் முதுகோடு அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பெரிய பாறாங்கல் ஒன்றைத் தூக்கப் பார்த்தார். மேற்பார்வைக்கு நின்ற ஆள், "யோவ், கல்லைக் கீழ போடுய்யா!" என்று கத்தினார். போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மஸ்கட் என் கையில்! அந்த ஆனந்தத்தில் திரும்பி நின்று ரசித்தேன் பாருங்கள், அங்கேதான் ஒரு வேரில் கால் மாட்டியது. கணுக்கால் பிசகிக் குப்புற விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வசந்தி, விசா எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஆவியாகிப் போயின. வெட்கமில்லாமல் அழுதேன்.

கீழேயிருந்து கொக்கியண்ணன் தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை என் கல்யாண ஆல்பத்தில்கூட யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"சார்! முக்கா மூட்டை!"

பனியனில் கொக்கியை மாட்டினார். ஒரே இழுப்பு. நான் அவர் முதுகில் கிடந்தேன். அடிபட்டவனைத் தூக்கக் கூடாது என்று நோட்டீஸில் எந்த வரியும் இல்லை. கொக்கியண்ணன் நூல் பிடித்த மாதிரி நேராக ஏற ஆரம்பித்தார். பாட்டும் வந்தது. அவருடைய மூச்சு என் நெஞ்சுக்குக் கீழே சீராக ஏறி இறங்கியது. அப்போதுகூட, சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மூச்சு நமக்கு இல்லையே என்று பொறாமையாகத்தான் இருந்தது.

உச்சியில் சுண்ணாம்புக்கோடு. கொக்கியண்ணன் கோட்டுக்கு முன்னால் நின்றார். முதுகைத் திருப்பினார். என்னைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கினார். அதன் பிறகு தான் கால் வைத்தார்.

ஓடியவர்கள் அறுபத்து நான்கு பேர். அறுபத்து மூன்றாவது நான். அறுபத்து நான்காவது கொக்கியண்ணன்.

மறுநாள் மில்லில் ஹாஜியார், "யாருப்பா முன்னாடி?" என்றார். நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். வசந்தியின் முகம்தான் வந்தது.

"சார்தான் முதலாளி. ஒரு ஆள் நீளம் முன்னாடி" என்றார் கொக்கியண்ணன்.

நான் மஸ்கட் போனேன். கல்யாணமும் நடந்தது. இங்கே பெல்ட் மிஷின் வந்தது. கொக்கியண்ணன் அதோடு போட்டி போட்டு மூட்டை தூக்கி, பெல்ட் இரண்டு தடவை ரிப்பேர் ஆனதாகக் கேள்விப்பட்டேன். மனசு கேட்காமல், இரண்டு வருஷம் கெஞ்சி அவருக்கும் ஒரு விசா வாங்கி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. பெரிய பெண் கையெழுத்தில் கூடவே ஒரு கடிதம்: "அங்கே மூட்டை தூக்க ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறது என்று நீங்கள் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அப்புறம் அங்கே எனக்கு என்ன வேலை என்று அப்பா கேட்கிறார்." அந்தப் பெருமையை நான் எழுதியிருக்க வேண்டாம்.

போன வருஷம் அந்தப் பெரிய பெண், இப்போது தஞ்சாவூரில் டாக்டர், தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். போயிருந்தேன். பட்டு வேட்டியில் கொக்கியண்ணன் வந்தார். இடுப்பில் அதே கொக்கி. இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு ஏன் என்னைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எறக்குனீங்க?"

"மூட்டையை எறக்கிட்டுத்தானே சார் நாம கால் வைக்கணும்? நீங்க விழலைன்னா நான் அங்கேயே உக்காந்திருப்பேன். அந்த மலையை நான் ஏறுனதே உங்களாலதான்."

பழக்கத்தில் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. பழக்கம் என்றால் நான் அதிர்ஷ்டக்காரன். தெரிந்தே செய்தார் என்றால், அந்த மனசுக்கும் சேர்த்து நான் பொறாமைப்பட வேண்டும்.

பந்தி மாடியில். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த கொக்கியண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எம்பத்திரெண்டு கிலோ. முழு மூட்டைக்கு மேல ஏழு கிலோ. பரவால்ல, ஏறுங்க சார். பின்னாடி நான் வர்றேன்ல?"

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பின்னால் அவர் வருகிறார் என்றதும் மூச்சு சீராகிவிட்டது.