மாமாவின் பேட்டியும் அக்காவின் மூக்கும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன், வீட்டில் வாலு என்று அழைக்கப்படுபவன், வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் சுகம். அதில் ஒருவரை மட்டும் வரும் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நீங்கள் மயக்க ஊசி போட்டுப் படுக்கவைக்கப் போவதால், அவருடைய சுகத்துக்கு ஞாயிறு வரைதான் என்னால் உத்தரவாதம் தர முடியும். நீங்கள் சுகமாக இருப்பதை வாரப் பத்திரிகையில் வந்த உங்கள் முழுப்பக்கப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உறையில் எழுத முகவரி தேடினேன். படத்தில் உங்கள் முகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே கிளினிக் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் கூப்பிட்டேன். "டேய் வாலு, அப்பறம் பேசறேன், தியேட்டர்ல இருக்கேன்" என்றீர்கள். ஆபரேஷன் தியேட்டரா, சினிமா தியேட்டரா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டீர்கள். முகத்துக்கு நேரே சொல்லலாம் என்றால், முகம் உங்கள் தொழில், அங்கே நான் தோற்றுவிடுவேன். பெரியவங்க விஷயத்துல நீ எதுக்குடா மூக்கை நுழைக்கிற என்றாள் அம்மா. விஷயமே மூக்காக இருக்கும்போது வேறு எதை நுழைப்பது? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மூக்கைத் தொடாதீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பேட்டியை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். 'அழகுக்கு முன் பாதுகாப்பு' என்று தலைப்பு. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் உங்கள் கருத்து ஒன்றையும் சேர்த்துக் குடித்துவிட்டு வருவதால் எனக்கு முழுப்பக்கமும் மனப்பாடம். 'வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் ஒரு சிகிச்சைதான்.' என்ன அழகான வரி! 'இது யாருக்காக என்று மூன்று முறை கேட்பேன். கேலிக்குப் பயந்து வந்தவர், பிறரைத் திருப்திப்படுத்த வந்தவர், நேற்று முடிவெடுத்து இன்று வந்தவர், இவர்கள் மேல் நான் கத்தி வைப்பதில்லை.' அதற்கு அடுத்த பத்தியில், இருபத்தைந்து வயதுக்குக் கீழ் என்றால் ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் தேதியே குறிப்பீர்களாம். படித்ததும் எனக்கே உங்களிடம் எதையாவது வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடுதான் போன வெள்ளிக்கிழமை அம்மா, அக்கா, நான் மூவரும் வந்தோம். காத்திருக்கும் அறைச் சுவர் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் 'முன்', 'பின்' படங்கள். முன் படத்தில் எல்லோருக்கும் நேற்றுத்தான் வீட்டில் யாரோ செத்துப்போன முகம். பின் படத்தில் அந்தச் சொத்து முழுக்க இவர்களுக்கே வந்துவிட்ட முகம். "லைட்டைக் கூட்டிட்டு சிரிங்கன்னு சொன்னாலே பாதி ஆபரேஷன் முடிஞ்சிடும் போலிருக்கே" என்றேன். வரவேற்பில் இருந்த பெண் சிரிப்பை மறைக்கக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அவள் போனில் ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, நம்ம வீட்டு ஆளுங்களுக்கு எதுக்கு டோக்கன்?" என்று நீங்களே கதவைத் திறந்தீர்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நான்கு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தீர்கள். 'நோயாளி தன் கையால், தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும், இதில் சமரசமே கிடையாது' என்று பேட்டியில் முழங்கினீர்களே, அதே படிவம். பேனாவை நீங்களே திறந்தீர்கள்.

"குட்டிம்மாவுக்கு நான் நிரப்பறேன். பொறந்த அன்னிக்கே கையில வாங்கினவன் நான். சக்கரை இல்ல, பிரஷர் இல்ல. மூச்சுத் தொந்தரவு? இவ கத்தற கத்தலுக்கு இவ நுரையீரல் நாலு பேருக்குப் பத்தும். எந்த மருந்தாவது ஒத்துக்காதா? இவளுக்கா? சின்ன வயசுல சாக்பீஸ் தின்னு செரிச்சவ. இல்ல, இல்ல, இல்ல."

டிக், டிக், டிக். உங்கள் பேனா என்ன மாமா, கடிகாரமா? அம்மா சிரித்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் 'இந்த மாற்றத்தை யாருக்காக விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி, பதில் எழுத ஐந்து கோடு. "இது வெளியாளுங்களுக்கு" என்று சொல்லி ஐந்து கோட்டுக்கும் குறுக்கே ஆறாவதாக ஒரு கோடு இழுத்தீர்கள். "ஒரு மாசமெல்லாம் எதுக்கு, திங்கக்கெழம ஒரு இடம் காலியா இருக்கு, கையெழுத்து மட்டும் போடும்மா." அக்கா போட்டாள். ஒப்புதல் படிவமாம். ஒப்புக்கு நிரப்பிய படிவம் என்பதைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நடுவில் வந்த இரண்டு போன்களையும் சேர்த்து மொத்தம் பதினோரு நிமிடம். நான் பள்ளிக்கு ஏன் லேட் என்று விசாரிக்கவே எங்கள் பிரின்சிபால் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

இத்தோடு நான் கிளம்பியிருந்தால் உங்களை ஒரு சாதாரணப் புளுகர் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருப்பேன். அக்காவுக்கு ரத்தம் எடுக்க உட்கார வைத்தார்கள். அடுத்த அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குக்கர் வெடித்துக் கழுத்தும் கன்னமும் வெந்துபோன ஒரு பெண். நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரவில்லை, ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டீர்கள். என்ன மருந்து ஒத்துக்காது என்று கேட்டீர்கள். அதையே வேறு மாதிரி கேட்டீர்கள். வீட்டில் யார் யார், ராத்திரி தூக்கம் வருகிறதா, கூட யார் வந்திருக்கிறார்கள், எல்லாம் கேட்டீர்கள். "அவசரமே இல்லம்மா, கண்ணாடி பாக்கணும்னு உங்களுக்கா தோணற அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றீர்கள். முக்கால் மணி நேரம். நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அப்புறம் கோபம் வந்தது. அந்தப் பேட்டி பொய்யே இல்லை! அதில் இருக்கிற டாக்டர் நிஜமாகவே இருக்கிறார், பக்கத்து அறையில்! எங்கள் அறைக்கு மட்டும் மாமாவை அனுப்பிவிட்டார். யாரோ ஒருவருக்கு டாக்டர், எங்களுக்கு மாமா. எங்களுக்குச் சொந்தக்காரராகப் பிறந்து தொலைத்தீர்களே!

இப்போது அம்மாவின் ஜிப்புக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்குக் கடவாய்ப்பல் பிடுங்கினார்கள். உங்கள் நண்பரான பல் டாக்டரிடம்தான் போகணும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவர் ஊரின் அந்தக் கோடி. அம்மா தெருமுனை பல் டாக்டரிடமே காட்டிவிட்டாள். அவர் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றைப் போட்ட அரைமணி நேரத்தில் அக்காவின் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அப்பா லுங்கியோடு ஆட்டோ பிடித்தார். அவசர சிகிச்சையில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வந்திருந்தா என்று ஆரம்பித்த டாக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இது உங்களுக்குத் தெரியாது. "அண்ணன் சொன்ன டாக்டர்கிட்ட போகலன்னு தெரிஞ்சா ரொம்பக் கோவிச்சுக்கும்" என்று சொல்லி அன்றே எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள் அம்மா. அக்கா மூச்சு விடமுடியாமல் கிடந்ததைப் பற்றி உங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. நீங்கள் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அவ்வளவு மரியாதை! வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதும் அம்மாவிடம் கத்திப் பார்த்தேன். "அண்ணனுக்குத் தெரியாததா, ஊசிக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணித்தான் போடுவாரு, நீ சும்மா இரு" என்கிறாள். நம்ம ஆளு டாக்டர், அப்பறம் என்ன கவலை என்கிறார் அப்பா. என்னிடம் கத்தல்தான் இருக்கிறது, உங்களிடம் கத்தி இருக்கிறது. அவசர சிகிச்சையில் கொடுத்த சீட்டைச் சமையலறை டிராயரில் தேடி எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மாத்திரையின் பெயர் அதில் சிவப்பு மையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதுவரை வரி வரியாக ஓடிய கை இங்கே நொண்டுகிறது. அக்கா அன்று உங்களிடம் ஒரு படத்தைக் காட்டி "இந்த மாதிரி வேணும் மாமா" என்றாளே, நீங்கள்கூடப் போனைக் கையில் வாங்கி, "நல்ல டேஸ்ட், யார் செஞ்சு கொடுத்தா?" என்று கேட்டீர்களே. அவள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். செய்தது நான். அக்கா பிறந்தநாளுக்கு அவள் படத்தை எடுத்து, போனில் இருக்கும் ஒரு ஆப்பில் மூக்கைச் சின்னதாக்கி, பக்கத்தில் பழைய படத்தையும் வைத்து, 'முன்', 'பின்', மாமாவின் கைவண்ணம் என்று எழுதி, நீங்கள் திறந்தே பார்க்காத குடும்ப குரூப்பில் போட்டேன். நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்காமல், 'நெஜமாவே பின் நல்லா இருக்கே' என்று எழுதினார். அக்காவும் சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டாள். அக்கா வருவதற்கு முன்னாடி அவ மூக்கு வந்துடும் என்று இரண்டு வருடமாக நான் சொல்லிவந்த ஜோக்குக்கெல்லாம் அவள் சிரித்துத்தான் இருக்கிறாள், அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் உங்களிடம் நேரம் கேட்டாள். இருபது வருட அனுபவமுள்ள டாக்டர் ஒருவர் பதினாறு வயதுப் பயல் விளையாட்டுக்குச் செய்த படத்தைப் பார்த்து மூக்கு வெட்டப் போகிறார். உங்களுக்கு இது தொழில் அவமானம் இல்லையா? எனக்கு என்ன என்று எழுத ஒரு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகவே மாமா, திங்கட்கிழமையை ரத்து செய்யுங்கள். சீட்டைப் படிவத்தோடு சேர்த்துக் குத்திவையுங்கள். அக்காவைத் தனியாகக் கூப்பிடுங்கள், பக்கத்து அறைக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளை யாரோ என்று நினைத்துக் கேளுங்கள். நான் என் அறுவையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், நீங்களும் உங்கள் அறுவையை நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தைக்கு என் அன்பு. உங்கள் கைகளுக்கு என் வணக்கம், அதிலிருக்கும் பேனாவுக்கு மட்டும் கிடையாது. எல்லோரும் அவரவர் முகத்தோடு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய
வாலு

பி.கு.: மேலே எழுதிய எதையும் படிக்கவேண்டாம். மன்னிப்பு கேட்க வாய் வராததால், எழுத்துப்பிழை பார்த்துக் கொடு என்ற சாக்கில் இன்று காலை இதை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். மூன்று இடத்தில் ஒற்று போட்டாள். படம் வரும் பத்தியில் எதுவும் திருத்தவில்லை. "இதை அனுப்ப வேண்டாம்டா, திங்கக்கெழம நான் மாமாகிட்ட போகல" என்றாள். நான் எழுந்து குதித்தேன். "வேற டாக்டர் பாத்துட்டேன். அடுத்த மாசம்."

நீங்கள் படிவத்தில் கோடு இழுத்ததும் அவளுக்கும் பயம் வந்துவிட்டதாம். தனியாகவே போயிருக்கிறாள். அவர் ஒரு மணி நேரம் கேட்டாராம். சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாளாம், எழுதிக்கொண்டாராம். ஒரு மாதம் யோசித்துவிட்டு வா என்றாராம். யாருக்காக என்று மூன்று முறை கேட்டாராம். யாராவது கேலி செய்தார்களா என்றும் கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்காகத்தான்னு சொன்னேன். ரொம்ப நாளா யோசிச்சதுன்னு சொன்னேன். கேலியா, எங்க வீட்லயா, சேச்சேன்னு சொன்னேன். எந்தப் பதில் சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு மாமா பேட்டியில வரிசையா போட்டிருக்காரே. அதையெல்லாம் சொல்லாம விட்டுட்டேன்."

அந்த டாக்டரிடம் குறை சொல்ல ஒரு இடம் இல்லை மாமா. உங்களையாவது உறவு முறை சொல்லித் திட்ட முடிந்தது. "சரி, என்கிட்டயாவது உண்மையச் சொல்லு, யாருக்காக?" என்று நானே கேட்டேன். அக்கா பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கேள்விய நீ கேக்காதடா" என்றாள்.