குடைக்குள் இறங்கிய சூரியன்

பலாபத்வலயில் சூரிய பகவான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறங்கினார். உச்சிப் பொழுதில், ஏ ஒன்பது வீதியோரத்து வெற்றுக் காணியில். மற்ற நாட்களில் வழக்கம்போல வானத்தில்தான் இருந்தார். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் சூரியனை யார் மதிக்கிறார்கள்?

அவரை இறக்கியவர் ஆதித்த சுவாமி. காவி வேட்டி, மார்பு நிறையச் சந்தனம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"சாமி கண்ணுல இருந்து வர்ற ஒளி நம்மள சுட்டுடக்கூடாதுனுதான் கண்ணாடி" என்று விளக்கம் சொன்னார் ஞானரட்ணம். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது சுவாமியிடம் போகும் வரிசைக்குக் காவல். வெயிலுக்காகப் போட்டிருக்கலாம் என்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அற்புதம் இதுதான். மண்சட்டியில் சுள்ளிகளை அடுக்கி, சுவாமி தன் செம்பிலிருந்து நெய் ஊற்றுவார். கையை வானத்துக்கு உயர்த்துவார். தீக்குச்சி இல்லை, கற்பூரம் இல்லை. சற்று நேரத்தில் புகை வரும், சட்டென்று தீ எழும். சனம் தரையில் விழும். எழும்போது காதிலும் கழுத்திலும் உள்ளது சுவாமியின் தட்டுக்குப் போகும். பொன் சூரியனுடைய உலோகமாம். அவனுடையதை அவனுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

நல்லம்மா தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். கொழுந்து பறித்த காலத்தில் வாங்கிய தோடு. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஆபரேஷன் என்றால் பயம். உச்சிச் சூரியனை இமைக்காமல் பார்த்தால் வெள்ளை எரிந்துவிடும் என்று சுவாமி சொன்னார். பார்த்தாள்.

ஒருநாள் காலை அவள் ஊற்றிய பிளேன்டித் தேநீர் கோப்பைக்கு வெளியே போனது. மகள் ஷியாமளா பதறி ஓடிவந்தாள்.

"எங்க பார்த்தாலும் நடுவுல கறுப்பா ஒரு ஓட்ட தெரியுது புள்ள" என்றாள் நல்லம்மா.

மாத்தளையில் புடவைக்கடையில் வேலை செய்யும் ஷியாமளா, லீவு போட்டுத் தாயைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணுக்குள் சூரியன் சுட்டிருக்கிறது, முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் அவர். சுவாமியின் விளக்கம் வேறு. நம்பிக்கை போதவில்லையாம். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டுமாம். நல்லம்மா அடுத்த ஞாயிறும் புறப்பட்டாள்.

"சரி, நானும் வர்றேன்" என்றாள் ஷியாமளா.

த்ரீவீலர் ஓட்டிய ஜிப்ரி வழியில் மெதுவாகச் சொன்னார்: "இங்க ஆள் ஏத்தி எனக்கு ஹயர் கிடைக்குது தங்கச்சி, அதான் இது ஏமாத்துனு தெரிஞ்சும் இவ்வளவு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா உம்மாட கண்ணு போறத பார்த்துக்கிட்டு இருக்க ஏலாது."

"அப்ப உங்க குடைய கொஞ்சம் தாங்க, ஜிப்ரி நானா."

சுவாமி நெய்யை ஊற்றி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு முன்னே போய்ச் சட்டிக்கு மேலே குடையை விரித்துப் பிடித்தாள்.

"என்னம்மா இது?" என்றார் சுவாமி.

"ஒன்னுமில்ல சாமி. சூரியன்தானே பத்த வைக்கிறாரு? நிழல்ல என்ன செய்றாருனு பார்ப்போம்."

சுவாமி வாய் திறப்பதற்குள் புகை வந்தது. அடர்ந்த நிழலில், குடைக்கு அடியில், ஜம்மென்று தீ எழுந்தது. குடையின் ஓரம் கருகியது. சூரியன் மேலே எதுவும் அறியாமல் காய்ந்துகொண்டிருந்தார்.

சுவாமி சுதாரித்துக்கொண்டார். "பகவானுக்குக் குடை ஒரு தடையா?"

"தடையில்லதானே? அப்ப எங்கம்மாவையும் குடைக்குள்ள நின்னு பார்க்கச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு வெறுங்கண்ணால வெயில அண்ணாந்து பார்க்கச் சொன்னீங்க?"

ஷியாமளா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். "இது வீட்டு நெய். வேற சட்டியில இத ஊத்திக் காட்டுங்க. பத்திச்சுனா நானே உங்க கால்ல விழுறேன்."

சுவாமி மறுப்பதற்குள் அவரைக் கவிழ்த்தது அவருடைய பரம பக்தர்தான். "காட்டுங்க சாமி, இவ வாயடைக்கட்டும்" என்று ஞானரட்ணம் தானே அன்னதானச் சமையலிலிருந்து புதுச் சட்டியும் விறகும் கொண்டுவந்து, தன் கையாலேயே அடுக்கி, நெய்யை ஊற்றினார்.

சுவாமி கையை உயர்த்தினார். கை வலித்து இறக்கினார். மறுபடி உயர்த்தினார். விறகின்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்து நெய்யை ருசி பார்த்தது.

ஜிப்ரி சுவாமியின் செம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "இனிக்குதே. நெய் இனிக்குமா? இது கிளிசரின்." பக்கத்தில் அடுத்த அற்புதத்துக்கென்று சுவாமி முன்பே அடுக்கி வைத்திருந்த சட்டி ஒன்று இருந்தது. அதன் சுள்ளிகளை விலக்கினார். அடியில் ஊதா நிறத் தூள். "இது கொண்டிஸ். கிணத்துத் தண்ணிக்குப் போடுறது. ரெண்டும் சேர்ந்தா ராவையிலயும் பத்தும்."

சுவாமி வேனை நோக்கி நடந்தார். பெண்கள் முந்திக்கொண்டு வேன் கதவை மறித்தார்கள். பொன் மூட்டையை அவிழ்க்காமல் அவரால் ஏற முடியவில்லை. அதற்குள் யாரோ பொலிசுக்கும் சொல்லியிருந்தார்கள்.

நல்லம்மா தோட்டைத் தடவிப் பார்த்துத்தான் தன்னுடையது என்று கண்டுபிடித்தாள். மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்; நடுவில் கறுப்பு. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு கன்னம் தெரிந்தது. அது நனைந்திருந்தது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்" என்றாள் நல்லம்மா.

ஞானரட்ணம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு ஜிப்ரியைக் கூப்பிட்டு, "வில்கமுவ பக்கம் ஒருத்தர் தண்ணிய ஓதி நோய் தீர்க்கிறாராமே, அவராவது உண்மையானவரா?" என்று கேட்டார்.

கும்பிடுவது உங்கள் விருப்பம், ஐயா. ஆனால் கடவுளுக்கு ஆள் நான்தான் என்று ஒருவன் முன்னால் வந்து நின்றால், கும்பிடக் குனியும்போது அப்படியே அவன் செம்புக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.